கிராமபோன் ஊசி வெட்டும் குறடும் முள் தீட்டும் கருவியும்: எந்த ஊசிக்கு, எப்படி?

பழையபெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாவி கொடுத்து ஓட்டும் மேசைக் கிராமபோன் ஒன்று சென்ற மாதம் என் கைக்கு வந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேல்மூடியின் ஓரத்தில் இருந்த சிறிய அறையில் துணியில் சுற்றிய இரண்டு கருவிகள் அகப்பட்டன. முன்பு இதை வைத்திருந்தவர் மிகுந்த அக்கறையோடு அவற்றைப் பாதுகாத்திருக்கிறார் என்பது அந்தத் துணியில் இருந்த எண்ணெய்க் கறையிலேயே தெரிந்தது.

முதலாவது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு குறடு. நிக்கல் பூச்சு போட்டது. கைப்பிடிகளுக்கு நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. தலைப்பகுதியில் முக்கோண வடிவில் ஒரு சிறு ஓட்டை. பிடியை அழுத்தினால் பட்டையான சிறு கத்தி ஒன்று அந்த ஓட்டையின் வாயைச் சாய்வாகக் கடந்து இறங்குகிறது. பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது; அதைத் திருகினால் ஓட்டைக்குள் ஏதோ முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டாவது, கறுப்புப் பேக்கலைட்டில் (பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) செய்த வட்டமான கருவி. அதில் விரலால் சுழற்றக்கூடிய, உப்புத்தாள் ஒட்டிய வட்டு ஒன்றும், அதன் பக்கவாட்டில் ஊசியைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வாயும் உள்ளன.

இவற்றைப் பார்த்ததும், மழுங்கிய ஊசியைத் தீட்டி மறுபடியும் பயன்படுத்தத்தான் இவை இருக்கின்றன என்று எண்ணி, கைவசம் இருந்த எஃகு ஊசி ஒன்றைக் குறட்டில் நுழைத்து அழுத்திவிட்டேன். ஊசி வெட்டுப்படவில்லை, கத்தியின் விளிம்பில்தான் ஒரு பல் விழுந்தது. பிறகு இன்னோர் ஊசியை வட்டில் வைத்துத் தேய்த்தேன். அது பளபளவென்று ஆனது. ஆனால் அதைக் கொண்டு ஓர் இசைத்தட்டை ஓட்டியபோது இரைச்சல் முன்னைவிடக் கூடியதோடு, பக்கம் முடிந்ததும் தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் மனம் பதைத்து நிறுத்திவிட்டேன்.

இந்தக் கருவிகள் உண்மையில் எந்த ஊசிக்கு உரியவை, கத்தியில் விழுந்த பல்லைச் சரிசெய்ய முடியுமா, உப்புத்தாளை மாற்றலாமா, இவற்றைப் போன்ற கருவிகளைச் சேர்க்க விரும்பினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மூங்கில்முனை எழுதியது:

வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள்: நீங்கள் தேய்த்த அந்த எஃகு ஊசியை இப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள், வேறு ஊசிகளோடு கலந்துவிட வேண்டாம். நீங்கள் பார்த்த சாம்பல் தூள், தட்டின் தடத்திலிருந்து, அதாவது ஊசி ஓடும் மெல்லிய பள்ளத்திலிருந்து, அந்த ஊசி சுரண்டி எடுத்த தூள்.

எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யப்பட்டது. பழைய 78 சுற்றுத் தட்டை நாம் அரக்குத் தட்டு என்று சொன்னாலும் அதில் அரக்கு சிறுபகுதிதான். பெரும்பகுதி கல் தூள். அந்தத் தூளை வேண்டுமென்றே சேர்த்தார்கள். தட்டு சுழலத் தொடங்கியதும் முதல் சில சுற்றுகளிலேயே தூள் ஊசியின் முனையைத் தேய்த்துத் தடத்தின் வடிவத்துக்கு இணங்கச் செய்துவிடும். அதன்பின் முனையும் தடமும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் 230க்கு மேற்பட்ட சுற்றுகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சின்ன முனை 120 மீட்டருக்கு மேல் கல் தூளின் மீது நடந்திருக்கிறது, அதுவும் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு. பக்கம் முடிந்தபின் அதை லென்ஸ் வழியே பாருங்கள்: உருண்டையாக இருந்த முனை இரு பக்கமும் தட்டையாகி உளியைப் போல ஆகியிருக்கும். அந்த உளியை இன்னொரு தட்டில் வைத்தால் அது செய்வது உளியின் வேலைதான்.

அதைத் தீட்டினால் என்ன என்று கேட்கலாம். எஃகு ஊசியைத் தீட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட கருவிகளும் இருந்தன என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் தொழிற்சாலையில் ஊசி கூராக்கப்பட்டபின் வழவழவென்று மெருகேற்றப்படுகிறது. நாம் உப்புத்தாளில் தேய்க்கும்போது முனையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளையம் வளையமாக விழுகின்றன. தட்டின் தடமோ மேல்வாயிலேயே ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். அந்த இடுக்குக்குள் கீறல் விழுந்த எஃகை இறக்குவது அரத்தை இறக்குவதற்குச் சமம். ஆகையால் எஃகு ஊசியை எந்தக் கருவியிலும் தீட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். டங்ஸ்டன் கம்பி முனை வைத்த ஊசிகளையும் அப்படியே. அவற்றின் கம்பி நெடுகிலும் ஒரே பருமனாக இருப்பதால்தான் தேயத் தேயவும் பல பக்கங்கள் ஓடுகின்றன. தீட்டினால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

உங்கள் குறடு மூங்கில் ஊசிக்கு உரியது. ஃபைபர் ஊசி என்ற பெயரில் விற்கப்பட்டதெல்லாம் மூங்கில்தான். 1910க்குச் சற்று முன்பாக சிகாகோவின் பி அண்ட் எச் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விக்டர் நிறுவனமும் தன் பெயரிலேயே மூங்கில் ஊசிகளையும் அவற்றை வெட்டும் குறட்டையும் விற்றது. ஊசி நெடுகிலும் முக்கோணமாக இருக்கும்; அதனால்தான் உங்கள் குறட்டின் ஓட்டையும் முக்கோணம். அதன் ஒரு முனையைச் சாய்வாக வெட்டும்போது முக்கோணத்தின் ஒரு மூலை மட்டும் கூராக முன்னே நீட்டி நிற்கும். அந்தக் கூரில் மூங்கிலின் பளபளப்பான புறத்தோல் இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. மூங்கிலின் உட்புறம் மென்மையானது, நார் நாராகப் பிரிந்துவிடும். புறத்தோலோ கெட்டியானது, நெருக்கமானது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் ஊசியை எந்தப் பக்கமாக நுழைப்பது என்ற குழப்பம் வராது.

ஒரு பக்கம் ஓடியதும் முனை சற்று மழுங்கும். ஊசியைக் கழற்றிக் குறட்டில் விட்டு, தாள் கனத்துக்கு ஒரு சீவலை மட்டும் வெட்டி எடுத்தால் புதிய முனை கிடைத்துவிடும். உங்கள் பின்பக்கத் திருகு அதற்குத்தான்: ஊசி எவ்வளவு ஆழம் நுழையலாம் என்று அது தடுத்து நிறுத்துகிறது. திருகு இல்லாத குறட்டில் கைக்கணக்காக வெட்டுவதால் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் போய், பத்துத் தடவை வரவேண்டிய ஊசி நாலே தடவையில் தீர்ந்துவிடும்.

வெட்டும்போது பிடியை மெல்ல மெல்ல நெரிக்காதீர்கள். ஒரே அழுத்தில், தயங்காமல் மூடுங்கள். தயங்கினால் கத்தி நாரைப் பிளந்துகொண்டு பக்கவாட்டில் விலகும்.

இன்னொன்று: முக்கோண ஊசி எல்லாச் சவுண்ட் பாக்ஸிலும் (ஊசியைப் பிடித்து ஓசை எழுப்பும் வட்டத் தலை) நுழையாது. பிற்கால எக்ஸிபிஷன் சவுண்ட் பாக்ஸ் போன்ற சிலவற்றில் ஊசி வாயே முக்கோணமாக இருக்கும். உங்களுடையதில் வட்ட ஓட்டை என்றால் இடையில் வைக்கும் இணைப்புத் துண்டு வேண்டும். எஃகு ஊசிக்கு இறுக்குவதைப் போலத் திருகை இறுக்கிவிடவும் கூடாது, மூங்கில் நசுங்கிவிடும்.

முள்ளும்தட்டும் எழுதியது:

இரண்டாவது கருவியைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் கையில் அதே வகையில் மூன்று இருக்கின்றன, அவற்றில் ஒன்று நாள்தோறும் புழங்குகிறது.

அது முள் ஊசிக்கு உரியது. முள் என்றால் உவமைக்குச் சொல்லவில்லை. கள்ளிச்செடியின் முள்ளையே எடுத்து, பதப்படுத்தி, ஊசி நீளத்துக்கு வெட்டி விற்றார்கள். மூங்கிலைப் போலன்றி முள் உருண்டையானது. ஆதலால் சாதாரண வட்ட ஓட்டையிலேயே பொருந்திவிடும். ஆனால் சாய்வாக வெட்டிக் கூராக்க முடியாது, பென்சிலைப் போலச் சுற்றிலும் தீட்டித்தான் ஆக வேண்டும். பெரிய கூம்புக் குழல் வைத்து இ.எம்.ஜி., எக்ஸ்பர்ட் என்ற லண்டன் கைவினை நிறுவனங்கள் 1930களில் செய்த கிராமபோன்களை வைத்திருந்தவர்கள் எஃகு ஊசியைத் தொடவே மாட்டார்கள். அவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட தீட்டும் கருவி கட்டாயம் இருந்திருக்கும். லண்டனில் இம்ஹாஃப் நிறுவனம் 'பாயின்ட்மாஸ்டர்' என்ற பெயரில் விற்ற கருவியைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். நீங்கள் வருணிப்பதைப் பார்த்தால் உங்களுடையதும் அந்த மரபைச் சேர்ந்ததுதான். அடிப்பாகத்தில் ஏதேனும் எழுத்து பொறித்திருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

தீட்டும் முறையை நிதானமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் அவசரப்பட்டுத்தான் நான் முதல் வருடம் முழுவதும் நல்ல முட்களை வீணாக்கினேன். முள்ளைக் கருவியின் வாயில் வைத்து, சுமார் நாலு மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டும்படி இறுக்குங்கள். அதற்கு மேல் நீட்டினால் தீட்டும்போது முள் வளைந்து, வட்டைவிட்டு எழும்பும். வட்டைச் சுழற்றும்போதே முள்ளும் தன் அச்சில் சுழல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முனை கூம்பாக வரும். வட்டு மட்டும் சுழன்று முள் நின்றுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் சீவப்பட்டுவிடும். சில கருவிகளில் முள்ளைச் சுழற்றுவதற்கு ரப்பர் உருளை ஒன்று இருக்கும். அந்த ரப்பர் காலப்போக்கில் கல்லாக இறுகி வழுக்கிக்கொண்டு ஓடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இயங்குவதைப் போலவே தோன்றும், முள் மட்டும் சுழலாது. வாங்குமுன் சோதிக்க வேண்டிய முதல் இடம் அது.

பாரம் கொடுக்கவே கூடாது. முள் தாளைத் தொடும் ஓசை, காய்ந்த இலையை விரலால் தடவும் ஓசையைப் போல மெலிதாகக் கேட்டால் போதும். கரகரவென்று கேட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள், அல்லது தாள் சொரசொரப்பானது. பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது முனையை அல்ல, முனைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தோள்பட்டையை. அங்கே கூம்பின் இரு ஓரமும் ஒரே சாய்வில் இறங்க வேண்டும். ஓர் ஓரம் வயிறு தள்ளியிருந்தால் முள் வாயில் கோணலாக மாட்டியிருக்கிறது என்று பொருள். கழற்றி மாட்டாமல் எத்தனை சுற்றுத் தீட்டினாலும் அது நேராகாது. ஓரங்கள் சரியாக இருந்தால் அதன்பின் முனைக்கு வாருங்கள். அங்கே வெண்மையாகப் பூனைமயிரைப் போல ஒரு நார் நிற்கும். அதை விரலால் கிள்ள வேண்டாம். பாரமே இல்லாமல் இன்னும் மூன்று சுற்று ஓட்டினால் தானே உதிர்ந்துவிடும். முனை ஊசிக்கூராக மெலிந்து நீண்டுவிட்டால் முதல் சுற்றிலேயே ஒடியும். தடத்தின் அடியைத் தொடும் இடம் சிறிதளவு உருண்டு இருப்பதே நல்லது.

தாளை மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாற்றலாம், அது தேயும் பொருள்தான், மாற்றுவதால் கருவியின் மதிப்பு குறையாது. 400 முதல் 600 வரை எண் உள்ள நைசான தாளை வட்டமாக நறுக்கி ஒட்டுங்கள். ஆனால் பழைய தாளை நனைத்துச் சுரண்ட வேண்டாம், உலர்ந்த நிலையிலேயே ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள். ஈரம் பேக்கலைட்டின் பளபளப்பைக் கெடுத்துவிடும். நீங்கள் அதில் எஃகைத் தேய்த்திருப்பதால் இப்போது இருக்கும் தாளில் இரும்புத் துகள் புதைந்திருக்கும். அது முள்ளின் முனையில் ஏறித் தட்டுக்குப் போகும். அதனால் மாற்றுவது உங்கள் விஷயத்தில் கட்டாயம்.

தடம்78 எழுதியது:

மேலே இருவரும் எழுதியவை அனைத்தும் சரியானவை. ஆனால் மூங்கிலும் முள்ளும் தட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன்.

எஃகைவிட மூங்கில் மென்மையானது என்பதால் தட்டு தேயாது என்பது பாதி உண்மை. தடத்தில் கிடக்கும் கல் தூளும் பழைய ஊசிகள் விட்டுச்சென்ற இரும்புத் தூளும் மென்மையான முனையில் எளிதாகப் புதைந்துகொள்கின்றன. அப்படிப் புதைந்தபின் அந்த முனை உப்புத்தாளாக மாறிவிடுகிறது. ஆகவே தட்டைச் சுத்தம் செய்யாமல் மூங்கில் ஊசி போடுவதில் பயனில்லை. ஆல்கஹால் கலந்த எதையும் அரக்குத் தட்டின் மேல் பயன்படுத்த வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். சோப்பு சில துளிகள் விட்ட தண்ணீரும் மென்மையான துணியும் போதும், நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நன்றாக உலரவும் வைக்க வேண்டும்.

அடுத்தது, எஃகு ஊசி ஓடி ஓடித் தேய்ந்த தட்டில் மூங்கில் முனை பாதிவழியிலேயே உட்கார்ந்துவிடும். இது குறட்டின் குறையோ வெட்டியவரின் குறையோ அல்ல. சிதைந்த தடத்தின் பொரிந்த சுவர்கள் முனையை உடைக்கின்றன. பழைய சேகரிப்பாளர்கள் மூங்கிலுக்கென்றே சில தட்டுகளைத் தனியாக ஒதுக்கி, அவற்றில் ஒருமுறைகூட எஃகு படாமல் பாதுகாத்ததற்குக் காரணம் இதுதான். 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தபின் தட்டுகளில் ஓசையின் வீச்சு கூடியது. அப்படிப்பட்ட தட்டுகளில் உரத்த பித்தளை வாத்தியம் எழும் இடத்தில் நல்ல மூங்கில் முனையும் சரிந்துவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓசை திடீரென்று போர்வைக்குள் போய்விட்டதைப் போல மங்கும். அந்தக் கணமே கையை எடுத்துத் தூக்கிவிட வேண்டும், பக்கம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முனை போனபின் தடத்தில் உரசுவது ஊசியின் உடம்பு.

கருவியைச் சேர்ப்பவர்கள் இதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு குறடு நன்றாக வெட்டுகிறதா என்பதை நல்ல தட்டில், மென்மையான தனிக்குரல் பாட்டில் வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

பழையபெட்டி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பேக்கலைட் கருவியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் ஏதோ எழுத்து இருந்து தேய்ந்துபோயிருக்கிறது, படிக்க முடியவில்லை. தாளை மாற்றிவிட்டேன். அதில் ரப்பர் உருளை இல்லை, முள்ளை விரலால் சுழற்றும் சிறு குமிழ்தான் இருக்கிறது.

குறட்டின் கத்தியைக் கழற்றினேன். ஒரே ஒரு திருகில் நிற்கிறது. கத்தியின் ஒரு பக்கம் முழுக்கத் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. பல் விழுந்த இடம் விளிம்பின் நடுவில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு இருக்கிறது. அதைத் தீட்டுவது என் கைக்கு ஆகிற காரியமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. இணைப்புத் துண்டுக்கும் பழைய மூங்கில் ஊசிகள் ஒரு பொட்டலத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன், ஆனால் அந்த ஊசிகள் தொட்டால் சற்றுத் துவள்வதைப் போல இருக்கின்றன. அவை கெட்டுவிட்டனவா?

மூங்கில்முனை எழுதியது:

உங்கள் கைக்கு நிச்சயமாக ஆகும். பதறாமல் செய்தால் ஒரு மாலைப் பொழுது போதும்.

தட்டையான பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்துவிடாதீர்கள் என்பது மட்டும்தான் இதில் மீறக் கூடாத விதி. அந்தப் பக்கம், ஓட்டை இருக்கும் குறட்டின் முகத்தோடு ஒட்டி உரசிக்கொண்டு இறங்குவதால்தான் வெட்டு நிகழ்கிறது. அங்கே மயிரிழை இடைவெளி வந்தாலும் கத்தி வெட்டாது, மூங்கிலை மடக்கிக்கொண்டு போகும். நைசான சாணைக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சரிவான பக்கத்தைக் கல்லில் படியவைத்து, பழைய சரிவு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் தேயுங்கள். கத்தி மிகச் சிறியது என்பதால் விரலில் பிடித்தால் ஆடும். ஒரு மரத்துண்டில் கத்தியின் கனத்துக்கு வெட்டு போட்டு, அதில் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். பல் மறையும்வரை விளிம்பு முழுவதும் சமமாகப் பின்வாங்க வேண்டும். பல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். பல் மறைந்ததும் கத்தியைப் புரட்டி, தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்து இரண்டே இழுப்பு இழுங்கள், விளிம்பில் சுருண்டு நிற்கும் மெல்லிய எஃகு இழை உதிர்ந்துவிடும்.

மாட்டியபின் குறட்டை மூடி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கத்திக்கும் முகத்துக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் கத்தியின் திருகைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அப்படியும் தெரிந்தால் அடியில் துரு அல்லது பழைய எண்ணெய்ப் பிசின் தங்கியிருக்கிறது. ஆனால் நிக்கல் பூச்சைப் பளபளப்பாக்கும் மருந்து எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பூச்சு மெல்லியது, அடியிலிருக்கும் உலோகம் தெரிந்துவிட்டால் திரும்ப வராது. எண்ணெய் தொட்ட துணி போதும்.

சேகரிப்பதைப் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கும் இதுவே என் விடை. நான் இந்தக் கருவிகளைப் பார்த்து வாங்கத் தொடங்கிய காலத்தில் பூச்சின் பளபளப்பையும் முத்திரையின் தெளிவையும்தான் பார்த்தேன். பளபளவென்று வந்த குறடுகளில் பல, கண்ணாடிப் பெட்டிக்கு மட்டுமே லாயக்கானவை. இப்போது நான் கேட்டு வாங்கும் படங்கள் மூன்று: கத்தியின் விளிம்பு, மூடிய நிலையில் கத்தியும் முகமும் சேரும் இடம், பின்பக்கத் திருகு. விக்டர் முத்திரையோ, நாய்ப் படம் போட்ட ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் முத்திரையோ, சிகாகோவின் வேட் நிறுவன முத்திரையோ இருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் திருகு தொலைந்த முத்திரைக் குறட்டையும் பூச்சு உதிர்ந்து ஒழுங்காக வெட்டும் பெயர் தெரியாத குறட்டையும் ஒருசேர நீட்டினால் இரண்டாவதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். ஒருவர் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார் என்று எழுதினீர்களே, அப்படிப்பட்ட தடயம் எனக்கு முத்திரையைவிடப் பெரிது. அது வேலை செய்த கருவி.

உங்கள் ஊசிகள் கெடவில்லை, ஈரம் குடித்திருக்கின்றன. மூங்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மென்மையாகிவிடும். அக்காலத்திலேயே இதற்காக ஊசிகளை உலர்த்தும் பொருளோடு சேர்த்து மூடிய டப்பாவில் வைப்பார்கள். மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தை இறுக்கமாக மூடும் தகர டப்பாவில் போட்டு, ஊசிகளை ஒரு வாரம் அதில் வையுங்கள். நெருப்பில் வாட்ட வேண்டாம், புறத்தோல் வெடித்துவிடும். உலர்ந்தபின் ஒன்றை எடுத்து மேசையில் போடுங்கள்: ஈரமான ஊசி 'தொப்'பென்று விழும், காய்ந்தது கண்ணாடித் துண்டைப் போலக் 'கிணி'ரென்று துள்ளும்.

முள்ளும்தட்டும் எழுதியது:

உலர்த்துவது முள்ளுக்கும் பொருந்தும். தீட்டுவதற்கு முன் உலர்த்துங்கள், தீட்டியபின் அல்ல. ஈரமான முள்ளைத் தீட்டினால் முனை பஞ்சைப் போலப் பிசிர் விடும். விரலால் சுழற்றும் குமிழ் உள்ள கருவி உங்களுக்குக் கிடைத்தது நல்ல பேறு. சற்று மெதுவானதுதான், ஆனால் முள் சுழல்கிறதா இல்லையா என்ற ஐயமே அதில் எழாது.

பழையபெட்டி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கத்தியைத் தீட்ட ஒரு மாலை அல்ல, இரண்டு மாலை பிடித்தது; முதல் நாள் கோணம் தவறிப்போய் மறுநாள் திருத்த வேண்டியதாயிற்று. இப்போது குறட்டை மூடினால் ஒளிக்கீற்று தெரியவில்லை. உலர்ந்த ஊசியை நுழைத்து அழுத்தியதும் 'டிக்' என்று ஓர் ஓசை. விழுந்த சீவல் வெள்ளரி விதையின் தோலைப் போல அவ்வளவு மெல்லியதாக இருந்தது. லென்ஸில் பார்த்தேன்: வெட்டுமுகம் மெழுகைப் போல வழவழப்பு, கூரில் புறத்தோலின் மஞ்சள் கோடு.

கழுவி உலர்த்திய தட்டில், தனியாக ஒலிக்கும் பெண்குரல் பாட்டு ஒன்றை ஓட்டினேன். ஓசை முன்னைவிடக் குறைவுதான். ஆனால் எப்போதும் பாட்டின் மேல் மழை பெய்வதைப் போலக் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இதுவரை எனக்குக் கேட்டிராத ஒன்றாக, அடி எடுக்குமுன் அவர் மூச்சு இழுப்பதும் கேட்டது. பக்கத்தின் கடைசிவரை முனை தாங்கியது. தட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன், சாம்பல் தூள் இல்லை.

ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது. ஓர் ஊசியை ஏழு தடவை வெட்டியபின் அது குட்டையாகி, சவுண்ட் பாக்ஸின் வாய்க்குப் பிடிகிடைக்கவில்லை. அந்தத் துண்டுகளுக்கு வேறு பயன் உண்டா?

மூங்கில்முனை எழுதியது:

உண்டு, அவற்றை எறிந்துவிடாதீர்கள். கத்தியை அடுத்த தடவை தீட்டி மாட்டியதும் முதல் வெட்டை நல்ல ஊசியில் பார்க்கக் கூடாது, அந்தத் துண்டில்தான் பார்க்க வேண்டும். நான் அவற்றையும் சிலிக்கா ஜெல் டப்பாவிலேயே போட்டு வைக்கிறேன்.